மைக்செட்டு அண்ணேயும் ஒரு எழுத்தைத் தின்ற ஹார்னும்

மரக்காணம் வட்டாரத்தில் கல்யாண வீட்டையும் சாவு வீட்டையும் ஒரே பாட்டால் கலங்கடிக்கக்கூடிய ஒரே மனிதர் மைக்செட்டு அண்ணேதான். அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பங்குச் சாமியாருக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் மைக்செட்டு.

நான் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியாராகப் போனபோது, அவர் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தேன். கடைக்குப் பின்கட்டில் அண்ணேயும் அவர் மனைவி லூர்து அக்காவும் இருந்தார்கள். காற்று நேராக உப்பளத்திலிருந்து வரும். சைக்கிள் செயின், ஜன்னல் கம்பி, சட்டைப் பித்தான் எதையும் விட்டுவைக்காத காற்று. அந்தக் காற்றில் போய் ஒரு மனிதர் இசைத்தட்டு சேகரித்தார் என்றால் அவரை என்னவென்று சொல்வது?

ஆரம்பித்து வைத்தவர் ஒரு வெள்ளைக்காரர். இரும்பை கிராமத்துப் பக்கம் குடியிருந்துவிட்டு, மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பும்போது, செட்டு போட வந்த அண்ணேயிடம் ஒரு பழைய ரெக்கார்டு பிளேயரையும் ஒரு பெட்டி ரெக்கார்டுகளையும் சும்மாவே கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே இருந்தது எல்லாம் ப்ளூஸ். அமெரிக்காவில் பருத்திக்காட்டில் முதுகு ஒடிய உழைத்த கறுப்பர்களின் பாட்டு. அண்ணேக்கு இங்கிலீஷ் அரைகுறை. ஆனாலும் முதல் ரெக்கார்டைக் கேட்ட அன்றைக்கே விழுந்துவிட்டார். அப்புறம் பாண்டிச்சேரியில் அவர் நுழையாத பழைய சாமான் கடை கிடையாது. இன்டர்நெட்டில் ப்ளூஸ் பாடகர்களைப் பற்றிய டாக்குமெண்டரி எது இருந்தாலும் இறக்கி பென்டிரைவில் பத்திரப்படுத்தினார்.

உப்புக் காற்றிலிருந்து காப்பாற்ற ஒவ்வொரு ரெக்கார்டையும் லூர்து அக்காவின் பழைய புடவையைக் கிழித்துச் சுற்றி வைத்தார். கடைசியாகக் கேட்ட ரெக்கார்டை மட்டும் மெஷினிலேயே விட்டு, அதன்மேல் ஒரு முழுப் புடவையைப் போர்த்திவிட்டு வேலைக்குப் போவார்.

"எனக்கு மாத்திக் கட்ட பொடவ இல்ல. செத்துப்போன பாட்டுக்காரனுங்களுக்கு எல்லாம் போர்த்தி வெச்சிருக்குறாரு" என்பார் அக்கா. ரெக்கார்டில் வரும் கரகர சத்தம் அவருக்குக் கடுகு வெடிப்பது போலக் கேட்குமாம். ஊசியை வைத்ததும் எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவார். அண்ணே அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அண்ணேயின் ஒரே ஆசை, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டை முழுசாக யாராவது கேட்க வேண்டும் என்பது. என்னையும் பிடித்து உட்கார வைத்துப் பார்த்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் எனக்குத் தூக்கம்தான் பெரிது. பாதிப் பாட்டில் தலை சாய்ந்துவிடும்.

ஆள் கிடைக்காத மனிதர், கூலிக்குச் செட்டு போடும் இடத்திலெல்லாம் அதைப் போட ஆரம்பித்தார். கிளியனூரில் ஒரு கல்யாணம். மைக் டெஸ்டிங் என்று ஒரு ப்ளூஸை ஓடவிட்டார். மாப்பிள்ளையின் பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏம்பா, யாரு செத்துட்டது?"

"யாரும் சாவலீங்க. இது சந்தோசமான பாட்டு. இப்பதான் ஜெயில்லேருந்து வெளிய வர்றான்."

பெரியப்பா அதோடு சமாதானம் ஆகவில்லை. சாவு வீட்டிலாவது எடுபடுமா என்றால் அங்கேயும் வம்புதான். மாரடித்து அழுத பெண்கள் எல்லாம் இது என்னடா புதுசாக இருக்கிறது என்று அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். செத்தவரின் மகன் வந்து கோபித்துக்கொண்டான். "பொணத்த எடுக்கறதுக்குள்ள அழுகைய நிறுத்திட்டியே அண்ணே."

இதெல்லாம் சில்லறை. பெரிய கூத்து மாதா கோயில் வாசலில் நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வருகிற நேரம். டாக்குமெண்டரி போட்டால் கதை தெரியும், கதை தெரிந்தால் பாட்டு பிடிக்கும் என்று அண்ணே கணக்குப் போட்டிருந்தார். தன் சொந்த மைக்கிலேயே அறிவித்தார். "வர்ற சனிக்கிழமை சாயங்காலம் நம்ம கடை வாசல்ல, பழைய ஒரிஜினல் ப்ளூஸ் படம் போடப்படும். எல்லாரும் குடும்பத்தோட வந்து பாக்கணும்னு கேட்டுக்குறேன்."

அவர் சொன்னது என்னவோ ப்ளூஸ்தான். ஆனால் கோயில் வேப்பமரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி ஹார்னை உப்புக் காற்று அரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. அதில் 'ஸ்' என்ற எழுத்து வெளியே வராது. ஊர் காதில் விழுந்தது, "பழைய ஒரிஜினல் ப்ளூ படம், குடும்பத்தோட."

ஒரு அம்மா தன் மகளின் இரண்டு காதையும் பொத்தினார். பங்குச் சாமியார் போட்டிருந்த அங்கியைக்கூடக் கழற்றாமல் வெளியே வந்துவிட்டார்.

திருவிழாவுக்கு வேறு செட்டு பார்க்கலாம் என்று கமிட்டியில் அன்றைக்கே பேச்சு எழுந்தது. அண்ணேயின் அப்பா காலத்திலிருந்து அந்தத் தேருக்கு இவர்கள் செட்டுதான். அதைவிடப் பெரிய இடி வீட்டில் விழுந்தது. லூர்து அக்கா துணிகளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழம அந்தப் படம் ஓடிச்சுன்னா நான் கிளியனூருக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போறேன். தண்ணிக் கொழாயாண்ட நின்னா என்னப் பாத்து சிரிக்குறாளுங்க."

"லூர்து, போடலன்னாதான் அது அந்தப் படம்னு ஆயிடும். போட்டாதான் இல்லன்னு தெரியும்."

அக்கா பையின் ஜிப்பை இழுத்து மூடினார். அண்ணே மாடிக்கு வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். "பாட்டு போனா போவுது வாத்தியாரே. இவ போயிட்டா என்னா பண்றது?" என்றார். அவர் விளையாட்டு இல்லாமல் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலம் திரை கட்டினார். கூட்டம் சொல்லி முடியாது. தேர்த் திருவிழாவுக்குக்கூட அத்தனை பேர் நேரத்துக்கு வந்ததில்லை. எல்லோரும் ஆம்பளைகள். துண்டால் தலையை மூடிக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் யாரென்று தெரியாதது போல உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண்பிள்ளைகூடக் கிடையாது.

அப்போது பின்கட்டிலிருந்து லூர்து அக்கா வந்தார். கையில் பை இல்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதை முன்வரிசைக்கு நடுவில் போட்டு, முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு உட்கார்ந்தார். கையில் ஜெபமாலை. துண்டுகள் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கின.

"போடுங்க, பாக்கலாம்" என்றார் அக்கா.

படம் ஓடியது. பலகை வீட்டு வாசலில் ஒரு கிழவர் கிடாரோடு உட்கார்ந்து பாடினார். அவர் முடித்ததும் இன்னொரு கிழவர். கூட்டம் பொறுமையாகக் காத்திருந்தது. மூன்றாவது கிழவர் வந்ததும் ஒருவன் பின்னால் வந்து அண்ணேயின் காதைக் கடித்தான்.

"அண்ணே, அது இன்டர்வெல்லுக்கு அப்புறமா?"

விஷயம் புரிந்து நாலு பேர் நைசாக எழுந்தார்கள். அக்கா திரும்பிப் பார்த்தார். "எங்க போறீங்க? குடும்பத்தோட பாக்க வேண்டிய படம்தான? உக்காந்து பாருங்க." எழுந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அக்காவின் குரலைக் கேட்டுத் தெருவிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தார், பிறகு இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் துண்டுக்காரர்களின் மனைவிமார்கள் வந்து அவரவர் புருஷன் பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள்.

நான் அண்ணேயைப் பார்த்தேன். அவர் திரையையே பார்க்கவில்லை. தன் மனைவியின் பின்கழுத்தையும், அதில் சொருகியிருந்த வாடிய கனகாம்பரத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்கப்புறம் அந்தக் கழுத்து ஒரு தடவைகூடத் திரையை விட்டுத் திரும்பவில்லை.

படம் முடிந்து விளக்கு போட்டதும் அக்கா கேட்டார், "அந்தக் கடைசி ஆளு, அவரு பொண்டாட்டி செத்துட்டாளா?"

"இல்ல, உட்டுட்டுப் போயிட்டா."

"அதான. செத்திருந்தா ஒரு நாள்ல அழுது முடிச்சிருப்பான்."

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். துணிகள் பையிலிருந்து கொடிக்குத் திரும்பின. மறுநாள் சாமியார் அண்ணேயைக் கூப்பிட்டு, "திருவிழா செட்டு நீயே போடுப்பா. ஆனா 'ஸ்' வர்ற ஹார்னா கட்டு" என்றார்.

அதற்குப் பிறகும் அண்ணே ஊசியை வைத்தால் அக்கா எழுந்து கொல்லைப்புறம் போவது நிற்கவில்லை. அண்ணே அந்த முதுகைப் பார்ப்பதும் அப்படியேதான். பாவம், அந்த ஒரு சாயங்காலம்தான் தனக்குக் கொடுத்து வைத்தது என்று என்னிடம் சொல்லுவார்.

ஒருநாள் எனக்குக் காய்ச்சல். பள்ளிக்குப் போகாமல் படுத்திருந்தேன். அண்ணே காலையிலேயே எக்கியார்குப்பத்தில் ஒரு காதுகுத்துக்குச் செட்டு கட்டப் போயிருந்தார். மதியம் கீழே கடுகு வெடிக்கும் சத்தம், பின்னாலேயே கிடார். இறங்கிப் போய்ப் பார்த்தேன். லூர்து அக்கா தரையில் உட்கார்ந்து, கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மடியில் அந்தப் போர்வைப் புடவை. என்னைப் பார்த்ததும் முகம் சிவந்துவிட்டது.

"தூசு தட்டுனேன் சார். அதுவா ஓட ஆரம்பிச்சிடுச்சு."

"தினமும் அதுவாதான் ஓடுதாக்கா?"

அக்கா சிரித்துவிட்டார். "அவரு வெளிய போனா கேப்பேன். அவருகிட்ட சொல்லிடாதீங்க சார். மைக் கட்டி ஊருக்கே சொல்லிடுவாரு." சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

பாட்டு தீர்ந்து ரெக்கார்டு சும்மா சுற்றியது. மறுபக்கம் போடலாமே என்று கையை நீட்டினேன். அக்கா தடுத்தார். "வேணாம். அவரு வெச்சிட்டுப் போன மாரியே இருக்கணும். திருப்புனா கண்டுபுடிச்சிடுவாரு." ஊசியைத் தூக்கி வைத்து, தன் புடவையைத் தட்டின்மேல் மெதுவாகப் போர்த்தினார்.

நான் இப்போது வேறு ஊருக்கு மாற்றலாகி வந்துவிட்டேன். அக்காவுக்குக் கொடுத்த வாக்கை இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் மீறிவிட்டேன், திட்டட்டும், வாங்கிக்கொள்கிறேன். அண்ணே, சலூனில் யாராவது இதை உங்களுக்குப் படித்துக் காட்டினால், வீட்டுக்குப் போய் அக்காவிடம் எதுவும் கேட்டுவிடாதீங்க. நாளைக்கு வேலைக்குக் கிளம்பும்போது, அந்த ரெக்கார்டை மட்டும் மறுபக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போங்க.