ராத்திரி ஷிப்டுக்காரன் மலையேறிய விருத்தாந்தம்

ஏலகிரி மலை,
1903, மே மாதம்.

மாரிகுப்பத்தில் தேவ கிருபையால் ஒரு குறையுமின்றி வாழ்ந்திருக்கும் அன்புள்ள மச்சான் நேசமணி அவர்களுக்கு, உங்கள் தங்கை பாக்கியவதியின் புருஷன் ஏனோக் வணக்கத்தோடு எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதத்தான் ஆசை. பொய் எழுதக் கூடாது என்று பாதிரியார் சொல்லியிருப்பதால் இத்தோடு நிறுத்துகிறேன்.

மச்சான், உங்கள் தங்கையைப் போல வாய் திறக்காத பெண் தங்கவயலிலேயே கிடையாது என்று நான் நாலு பேரிடம் பெருமையடித்தபோதெல்லாம் நீங்கள் மீசைக்குள் சிரித்தீர்கள். ஏன் சிரித்தீர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. உடன்பிறந்தவர் நீங்கள், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

எங்கள் சுரங்கத்துச் சாப்டுக் குழியில் தண்ணீர் ஏறிவிட்டது, இறைத்து முடிக்கும்வரை என் ஆட்களுக்கு வேலை கிடையாது என்று கம்பெனி சொல்லிவிட்டது உங்களுக்குத் தெரியும். அதே சமயத்தில் பாக்கியம் ஆயாவாக இருக்கிற பங்களாவில் துரைசானியும் சீமைக்குக் கப்பலேறிவிட்டாள். துரைசானியோடு நீலகிரிக்கும் ஏற்காட்டுக்கும் போய்வந்தவளல்லவா, கோடையில் துரையும் துரைசானியும் மலையேறுவார்கள், ஓடையில் தூண்டில் போடுவார்கள், நாமும் ஒரு தடவை போனால் என்ன என்று ஆரம்பித்தாள். வேலையில்லாமல் ஒரு மலையை ஏறுவானேன், ஏறினால் எப்படியும் இறங்கத்தானே வேண்டும் என்று நியாயம் கேட்டேன். "நீங்க தெனமும் சுரங்கத்துக்குள்ள கேஜ்ல எறங்கி ஏறலையா? நான் ஏன்னு கேட்டேனா?" என்றாள். மூட்டையைக் கட்டினேன்.

பவுரிங்பேட்டையில் மெட்ராஸ் வண்டி மாறி உட்கார்ந்ததும் வெயில் முகத்தில் பட்டது. மச்சான், சாப்டுக்குள் பாறை சரியாமல் மரம் முட்டுக் கட்டுகிற வேலையில் எனக்கு ராத்திரி ஷிப்டு. பத்து வருஷமாக வெயிலைக் கண்டால் எனக்குக் கண் தானாக மூடிக்கொள்ளும். ஜோலார்பேட்டையில் இறங்க வேண்டியவன் விழித்துப் பார்த்தால் வாணியம்பாடி. உங்கள் தங்கை பக்கத்தில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு மூட்டையோடு உட்கார்ந்திருக்கிறாள். ஏன் எழுப்பவில்லை என்று கத்தினேன். "பகல்ல உங்களை எழுப்பிப் பழக்கமில்லீங்களே" என்றாள். அடுத்த வண்டியில் ஜோலார்பேட்டைக்குத் திரும்பி வந்தோம்.

மலைப்பாதையில் அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு துரைசானி மாதிரி முன்னே போகிறாள். நான் பின்னே, தலையில் கூரை இடிக்குமோ என்ற பழக்கத்தில், ஆகாயத்துக்கு அடியிலும் குனிந்தே நடக்கிறேன். எதிரே வந்த மலைக்காரர் ஒருவர் பாவம் முதுகு பிடித்துவிட்டது என்று எண்ணித் தைலம் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். நடுவழியில் அவள் நிழலுக்காக ஒரு பாறைக்கு அடியில் உட்காரப் போனாள். கீழே சுரங்க லெவலில் நாங்கள் பாறையைத் தட்டிப் பார்த்து, சத்தம் கெட்டியாக வந்தால்தான் அதன் அடியில் நிற்போம். இங்கேயும் ஒரு கல்லை எடுத்துத் தட்டினேன். சத்தம் கெட்டியாகத்தான் வந்தது, கூடவே தேனீயும் வந்தது. ஓடினோம் பாருங்கள் ஓட்டம், ஒரு மடுவைக் கண்டு கழுத்தளவு தண்ணீரில் போய் விழுந்தோம். நான் கொழுக்கட்டை போல வீங்கிய முகத்தோடு தலையைத் தூக்கினேன். உங்கள் தங்கை என்னைப் பார்த்துச் சிரித்தாள். மலையே திரும்பச் சிரிக்கிற சிரிப்பு. கலியாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதே அதுதான் முதல் தடவை. எனக்கு வலி மறந்துபோயிற்று.

மறுநாள் அதே மடுவின் கரையில் மூங்கில் தூண்டிலோடு என்னை உட்கார்த்தி வைத்தாள். ஒரு டைனமைட் துண்டு இருந்தால் ஒரு நொடியில் ஊருக்கே குழம்பு வைக்கலாம் என்றேன். "தூண்டில் போடறது மீனுக்கு இல்லீங்க. பக்கத்துல குந்திப் பேசறதுக்கு" என்றாள். பேசினாள் மச்சான், பேசினாள். மடுவில் இருந்த கெளுத்தியெல்லாம் பக்கத்து ஊருக்குக் குடிபோயிருக்கும். நீங்கள் சின்ன வயதில் ஆட்டுக்குட்டியை ஞாயிறு ஆராதனைக்குக் கூட்டிப்போனது முதல் எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது. பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னாள். உங்கள் அம்மா இறந்த சேதியோடு ஊரிலிருந்து ஆள் வந்தது சாயங்காலம் அல்ல, காலையிலாம். நான் படுத்துக் கண்ணயர்ந்த நேரமாம். நான் எழுந்திருக்கும்வரை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாளாம். இப்போதுதான் சேதி வந்தது என்று அன்றைக்கு அவள் சொன்னதை நான் நம்பினேன்.

பிறகு கேட்டாள். "ஊட்டுக்குப் போனா நீங்க பகல்லாம் தூங்குவீங்க, நான் மறுபடியும் ஊமைதானே? பகல் ஷிப்டுக்கு மாறிக்குங்க. கீழ எப்பவும் இருட்டுதான் கீது, எந்த ஷிப்டா இருந்தா இன்னா?" மச்சான், அவளுக்கு என்ன தெரியும்! ராத்திரியில் நான் மேஸ்திரி. பகலில் மேஸ்திரி தாமோதரன். நேற்றுவரை எனக்குக் கோடாலி எடுத்துக் கொடுத்தவன். அவனுக்குக் கீழே நான் ஆளாக நின்று மரம் தூக்குவதா? முடியாது என்று சொல்லிவிட்டேன். "அப்டீன்னா நான் எங்க அண்ணன் ஊட்டுக்குப் போறேன். அங்கியாவது பேசலாம்" என்று தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு எழுந்துபோய்விட்டாள்.

ஆகவே மச்சான், அவள் அங்கே வந்து நின்றால் இடம் கொடுக்காதீர்கள். மூத்தவராக, புருஷனின் மரியாதை என்ன என்பதை விளக்கி நாலு வார்த்தை காரமாக எழுதி அனுப்புங்கள். உங்கள் குடும்பத்தாருக்கும் சபையாருக்கும் என் ஸ்தோத்திரம். கர்த்தர் உங்கள் வீட்டுப் பானையையும் பிள்ளைகளையும் நிறைவாக வைப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
ஏனோக், டிம்பர் மேஸ்திரி.

பின்குறிப்பு: தபாலுக்குக் கீழே இறங்குகிற ஆள் கிடைக்காமல் கடிதம் என்னிடமே கிடந்தது. அவள் கோபத்தில் பேச்சை நிறுத்திவிட்டாள். சரி, இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்று பட்டப்பகலில் போய்ப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நாங்கள் தங்கியிருக்கிற குடிசை வாசலில் அவள் முறத்தில் சத்தம் வராமல் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் நான் தூங்கிய தூக்கமெல்லாம் இப்படித்தான் எனக்குக் கிடைத்தது என்று நினைத்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். காரமாக ஒன்றும் எழுத வேண்டாம். தாமோதரனைப் போய்ப் பாருங்கள். அவன் பகல் ஷிப்டு ஆட்களில் ஓர் இடம் காலி இருக்கிறதா என்று கேளுங்கள். மேஸ்திரி கேட்கிறார் என்று சொல்ல வேண்டாம். ஏனோக் கேட்கிறான் என்று சொல்லுங்கள்.