சுவரிடம் சுகம் விசாரித்தவர்

மலர், சுதன், இரண்டு பேரும் கேளுங்கள். ஊவா மாகாணம் முழுக்கச் சலித்துப் பார்த்தாலும், ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் மனிதர்களை விட்டுவிட்டுச் சுவரிடம் சுகம் விசாரிக்கிற ஆள் ஒருவர்தான் அகப்படுவார். அவர் நம் தோட்டத்து வெள்ளையடி அண்ணன். நீங்கள் வெள்ளையடி பெரியப்பா என்பீர்கள். அவருக்கென்று ஒரு சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக இருந்த லயத்து வீட்டை விட்டு ஏன் வந்தோம் என்று மலர் போன வாரம் கேட்டாள். அதற்குப் பதில் சொல்வதானால் இவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

தோட்டத்தில் சுண்ணாம்பு அடிப்பது, லயத்துக் கதவுகளில் நம்பர் எழுதுவது, கோயிலுக்கு வர்ணம் பூசுவது எல்லாம் அவர் வேலை. கதவுக்குக் கதவு நம்பர் ஒரே மாதிரி இருக்காது. ஓயாமல் சண்டை போடும் ஒரு அக்கா வீட்டு மூன்று வாயைப் பிளந்துகொண்டிருக்கும். நம் வீட்டு ஐந்துக்கு வயிறு தள்ளியிருக்கும். அதை எழுதியபோது உங்கள் அம்மா சுதனை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தாள்.

கண்ணால் பார்க்காததை வரைய மாட்டேன் என்பது அவர் பிடிவாதம். கோயில் சுவரில் மயில் வரையச் சொன்னார்கள். ஒரு புதரை வரைந்து, அதற்குப் பின்னால் வாலை மட்டும் நீட்டிவிட்டார். "காட்டுல நான் பாத்தது அம்புட்டுத்தான்" என்றார். அடுத்து ஒரு சிங்கம் கேட்டார்கள். வரைந்தார். கும்பிட வந்தவர்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள். சிங்கத்துக்கு, நம்மை வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையின் முகம்.

"ஏன்யா இப்படிச் செஞ்ச?" என்று கோயில் தலைவர் கேட்டார்.

"சிங்கத்த நான் பாத்ததில்லீங்க. பாத்தா பயம் வர்ற மொகம் எனக்குத் தெரிஞ்சு இது ஒண்ணுதான்."

கணக்கப்பிள்ளையும் வந்து வெகு நேரம் நின்று பார்த்தார். "எங்கயோ பாத்த மொகமா இருக்கு" என்று சொல்லி, திருநீறு பூசிக்கொண்டு போய்விட்டார்.

வெளியிலிருந்து யாராவது லயத்தைப் பார்க்க வருகிறார்கள் என்றால், முதல் நாள் காலை ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டிலேயே அவருக்கு உத்தரவு வந்துவிடும்: எல்லாச் சுவருக்கும் வெள்ளை. வாளியோடு நம் வீட்டுக்குள் வந்து நேராகப் பின்சுவருக்குப் போவார். அதில் உள்ளங்கையை வைப்பார்.

"சொவரு சொகமா?"

"என்னண்ணே, மனுசங்களக் கேக்கவே மாட்டீங்களா?" என்பாள் உங்கள் அம்மா.

"மனுசங்களுக்கு முடியலன்னா மொனகுவீங்க தங்கச்சி. அதுக்கு வாய் இல்லையே."

நானும் சிரித்துக்கொண்டே, "சொகந்தான்ணே" என்பேன். அவர் சுவரில் தீக்குச்சியை வைத்து ஏதோ அளப்பார், பழைய கொப்பியில் கிறுக்குவார், பிறகு வெள்ளையடிப்பார். லயத்தில் எல்லோரும் அவருக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்றே பேசிக்கொண்டோம்.

அந்தப் பின்சுவரில் ஒரு வெடிப்பு இருந்தது. அதன் ஓரமாகத்தான் நீங்கள் இரண்டு பேரும் படுப்பீர்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் உங்கள் அம்மாவுக்குத் தூக்கம் போனது. நான் செய்த வேலையை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. பதுளைக்குப் போய்ப் பெரிய முருகன் கலண்டர் ஒன்று வாங்கி வந்தேன். பல் முளைத்துக்கொண்டிருந்த சுதன் அதன் கீழ்மூலையைக் கடித்துத் தின்றுவிட்டான். மிச்சத்தை வெடிப்பின் மேல் மாட்டினேன். வெடிப்பு மறைந்தது. எனக்கும் மறந்தது. பிறகு அது கலண்டருக்கு மேலும் கீழும் நீண்டதைக்கூட நான் கவனிக்கவில்லை.

அடுத்த முறை வந்தவர், "கொஞ்சம் கழட்டுங்க தம்பி" என்றார்.

"நல்ல நேரம் பாத்து மாட்டுனதுண்ணே. அதச் சுத்தி அடிச்சிட்டுப் போங்க."

அவர் கலண்டரையே பார்த்தார். "ஓகோ, இப்ப முருகனா தாங்கிக்கிட்டு இருக்காரு?" என்றார். அதையும் நான் பகிடி என்றே எடுத்துக்கொண்டேன்.

பதுளையில் ஒரு சித்திர ஆசிரியர் இருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். நம் கதவு நம்பர்களை எங்கேயோ போட்டோவில் பார்த்துவிட்டு லயத்துக்கே வந்தார். "ஐயா, நாங்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து ஒரு ஓவியக் கண்காட்சி வைக்கிறம். நீங்களும் படம் தரவேணும்" என்று கேட்டார். வெள்ளையடி அண்ணன் யோசிக்கவே இல்லை. "ஏழு இருக்கு" என்றார். வீட்டில் படம் வரைந்து வைத்திருக்கிறார் என்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும்.

படம் வரைந்த தேயிலைப் பெட்டிப் பலகைகள் ஏழையும் சாக்கில் கட்டி, ஆட்டோவில் ஏற்றி, துணைக்கு நான் போனேன். மண்டபத்து வாசலில் 'இன்றைய ஓவியமும் விமர்சனமும்' என்று துணி கட்டியிருந்தார்கள். விமர்சனம் என்றால் சினிமாவுக்குத்தான் செய்வார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். கோயில் ஞாபகத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

போனவன் திகைத்து நின்றேன். வேறு யாரோ வரைந்த படம், சுவரளவு துணி முழுக்கத் தேயிலைப் பச்சை. கீழே ஓரமாக ஒரே ஒரு கால் விரல், அட்டை கடித்து ரத்தம் வழிய. இதையெல்லாமா வரைவார்கள்? நம்மில் யாருடைய காலையோ வெட்டி எடுத்து மாட்டியது போல இருந்தது.

அண்ணனின் பலகைகளுக்கு முன்னால்தான் கூட்டம் அதிகம். எல்லாவற்றிலும் வெள்ளை, அதன் மேல் ஒரு கறுப்புக் கோடு. முதல் பலகையில் மயிர் மாதிரி. பலகைக்குப் பலகை பருத்துக்கொண்டே போனது. ஏழாவதில் நடுவே ஒரு வெற்றுக் கட்டம். கொழும்பிலிருந்து வந்த அம்மா ஒருவர் அது மின்னல் என்றார். பக்கத்தில் நின்றவர் அந்தக் கட்டம் நம்பிக்கையின் ஜன்னல் என்றார். நானும் தலையாட்டினேன். பிறகுதான் கவனித்தேன். ஜன்னலின் கீழ்மூலையை யாரோ கடித்திருந்தார்கள். பலகையின் ஓரத்தில் வயிறு தள்ளிய ஒரு ஐந்து.

இன்னும் கிட்டே போனேன். கோடு கட்டத்துக்கு மேலே பெருவிரல் அகலத்தில் நுழைந்து, கீழே மூன்று விரல் அகலத்தில் வெளியே வந்திருந்தது.

"அண்ணே, இது எங்க வீட்டுச் சொவரா?"

"ஆமா தம்பி. நடுவுல என்ன இருக்குன்னு தெரியல. நீங்க காட்டல, நான் வரையல."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேண்ணே."

"ஒவ்வொரு தடவையும் கேட்டேனே, சொவரு சொகமான்னு. நீங்கதான சொகம்னு சொன்னீங்க."

அந்த நேரம் பார்த்துப் பிரதம விருந்தாளி வந்தார். வேறு யாருமில்லை, நம் தோட்டத்தை நடத்தும் துரைதான். ஏழாவது பலகையைப் பார்த்து, "ரொம்ப அழகா இருக்கு. இது என்ன, ஆறா?" என்றார்.

துரைக்கு முன்னால் அதுவரை நான் வாய் திறந்ததே இல்லை. அன்று வாய் என்னைக் கேட்காமல் திறந்தது. "எங்க வீட்டுச் சொவருங்க ஐயா. இதுக்குக் கீழதான் என் புள்ளைங்க படுக்குதுங்க."

மண்டபத்தில் கைபேசிகள் ஒவ்வொன்றாக மேலே எழும்பின.

துரை மெல்ல, "அதான் வெள்ளையடிச்சாச்சே" என்றார்.

"ஏழு தடவைங்க ஐயா," என்றார் வெள்ளையடி அண்ணன் மிகவும் பணிவாக. "ஏழும் இங்கதான் இருக்கு."

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து கலண்டரைக் கழற்றினேன். வெடிப்புக்குள் என் கை மணிக்கட்டு வரை போனது. அந்தப் பக்கத்துக் காற்று விரலில் பட்டது. உங்கள் அம்மாவிடம் எதுவும் விளக்காமல் பாயைச் சுருட்டினேன். பிள்ளைக் காம்பராவில் படுத்தோம். தோட்டத்துக் கைக்குழந்தைகளைப் பகலில் தூங்க வைக்கும் இடம் அது. சுதன் தொட்டிலுக்குச் சண்டை பிடித்தது அங்கேதான்.

கைபேசிப் படங்கள் எங்கெங்கோ போய், அதிகாரிகள் வந்தார்கள். லயம் முழுவதையும் காலி செய்யச் சொன்னார்கள். 'ஆபத்து' என்று பலகை எழுதவும் வெள்ளையடி அண்ணனைத்தான் கூப்பிட்டார்கள். ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் பின்சுவர் அப்படியே உள்ளே விழுந்தது. சேதம், அதில் ஏறியிருந்த ஒரு பூசணிக்கொடி.

அதற்குப் பிறகு தோட்டத்தில் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. பெரகலச் சந்தியில் கடைகளுக்குப் போர்டு எழுதுகிறாராம். பேக்கரிக்காரரிடம், "பாக்காத பணிஸ வரைய மாட்டேன்" என்று சொல்லி, தினமும் ஒரு ரொட்டியை வாங்கிப் பார்க்கிறாராம்; பார்த்துப் பார்த்தே அது தீர்ந்துபோய்விடுகிறது என்று கேள்வி.

சில வருஷம் கழித்துக் கிடைத்த இந்தப் புது வீட்டுக்கு வந்த முதல் திங்கட்கிழமை, நீங்கள் பள்ளிக்கூடம் போனீர்கள், அம்மா கொழுந்து பறிக்கப் போனாள். நான் கலண்டரை எடுத்து ஜன்னல் கம்பியில் கட்டினேன். பிறகு, பெரகலப் பக்கம் இருக்கிற சுவரில் உள்ளங்கையை வைத்து, "சொகமா இருக்கீங்களாண்ணே?" என்று கேட்டேன். வீட்டில் யாரும் இல்லாததால் கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்.