சட்டையோடு பிறந்தவன்

பையைக் காணவில்லை. மறுநாள் காலைப் படகில் ஸ்ப்ளிட் துறைமுகத்துக்குப் போய்க் கப்பலேற வேண்டிய ஃப்ரானே, அது இல்லாமல் வாசலைத் தாண்டமாட்டேன் என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

பை என்றால் சுண்டுவிரல் நீளத் துணிப்பை. பனிக்குடத்துச் சவ்வு தலையை மூடியபடியே பிறந்தவன் ஃப்ரானே. அவர்கள் தீவில் இப்படிப்பட்டவர்களைச் சட்டையோடு பிறந்தவர்கள் என்பார்கள். அந்தச் சவ்வைக் காயவைத்து, பையில் தைத்துக் கூடவே வைத்திருந்தால் கடலில் மூழ்கமாட்டார்களாம். அவன் மனைவி யெல்கா பள்ளியில் உயிரியல் டீச்சர்; இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாதவள். ஆனால் கடலுக்குப் போகிறவன் புருஷன் என்றால் நம்பிக்கை தானாக வந்துவிடுகிறது.

உண்மையில் அவன் போகவே கூடாது என்றுதான் அவளுக்கு ஆசை. ஒவ்வொரு முறையும் அவன் வாசலில் விட்டுப்போன செருப்பை எடுத்து வைக்க மனம் வராமல், வாரக்கணக்கில் அதைத் தாண்டித் தாண்டி நடப்பாள். இதை அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை. கடல்தான் அவனுக்கு உயிர், தடுத்தால் வாடிப்போவான் என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள்.

ஆகவே முட்டையை உடைத்தாள். ஓட்டின் உட்சவ்வை உரித்து, உலர்த்தி, ஒரு பையில் தைத்து, அலமாரிக்கு அடியில் கிடந்ததாகச் சொல்லி நீட்டினாள். உயிரணுவே இல்லாத அதைத் திசு என்றால் அவளுடைய வகுப்புப் பிள்ளைகளே சிரிப்பார்கள். ஃப்ரானே பிரித்தான். பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"இது நான் இல்ல, கோழி," என்றான்.

அடுத்து, அது வேறு பை, இதுதான் உன்னுடையது என்று தொத்திறைச்சித் தோலைத் தைத்துக் கொண்டுவந்தாள். குடலின் இணைப்புத் திசு; இழுத்தாலும் கிழியாது. கிழியவில்லைதான். பக்கத்து வீட்டுப் பூனை முழுசாகத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது. ஃப்ரானேயின் அதிர்ஷ்டத்தைப் பூனை தின்றுவிட்டதாக ஊர் பூராவும் பேச்சு. அதே கப்பலில் வேலை பார்க்கும் எதிர்வீட்டு யூரே, இனி அவனோடு கப்பலேறப் போவதில்லை என்று தன் பெட்டியையும் அவிழ்த்துவிட்டான். யூரேயின் மனைவி வந்து யெல்காவிடம் ஒரு பாட்டம் அழுதுவிட்டுப் போனாள்.

யெல்கா கசாப்புக்கடை டிங்கோவிடம் ஓடினாள். முதுகுக்குப் பின்னால் ஆட்டுக்குட்டி தொங்கிக்கொண்டிருக்க, ஆடே இல்லை என்று அவன் சாதித்தான்.

"விளையாடாதீங்க அண்ணே. வயித்துக்குள்ள குடலை மூடியிருக்குமே, அந்தச் சவ்வு போதும். மேல ஒரு வரிசை புறத்திசு, அடியில இணைப்புத் திசு. பனிக்குடச் சவ்வும் இதே மாதிரிதான். அவருக்கு வித்தியாசம் தெரியாது."

"அவனை அனுப்பி வைக்க அவ்வளவு அவசரமா, டீச்சர்?"

"அவரு சந்தோஷமா இருக்கணும்ணே."

டிங்கோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு கத்தியை எடுத்தான்.

அடுப்பின்மேல் காய்ந்த சவ்வு தத்ரூபமாக வந்திருந்தது. பூனை தின்றது வேறு, அசல் இப்போதுதான் கிடைத்தது என்று பையில் தைத்து நீட்டினாள். ஃப்ரானே அதையே நெடுநேரம் பார்த்தான்.

"ரொம்பக் கஷ்டப்பட்டுத் தேடினியோ?"

"பின்னே?"

ஃப்ரானே எழுந்தான். பெட்டியைக் கட்டினான்.

காலையில் படகு கயிற்றை அவிழ்த்தபோது, போகாதே என்ற சொல் அவள் தொண்டை வரை வந்தது. கையை மட்டும் ஆட்டினாள். படகு கரை முனையைச் சுற்றித் திரும்பி மறைந்த பிறகுதான் அழுதாள்.

டிங்கோ பக்கத்தில் வந்து நின்று, பழைய துணிப்பை ஒன்றை அவள் கையில் வைத்தான்.

"அவனே எங்கிட்ட கொடுத்து வெச்சதுதான், டீச்சர். 'இது காணாமப் போனா, இந்தத் தடவையாவது அவ வாயால போகாதேன்னு சொல்லுவா'ன்னான்."