நான் பிடுங்கிப் போட்ட கல்யாணக் கம்பு

குழந்தை பெற்றவள் எவ்வளவு பயப்படலாம்? இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. தெரிந்திருந்தால், எங்கள் தோட்டத்தில் ஒரு கல்யாணத்தையே பிடுங்கிப் போட்டிருக்க மாட்டேன்.

பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். குவாட்டர்ஸுக்குப் பின்னால் எங்கள் கோவாப் பாத்தி, முட்டைக்கோஸ்தான். உயிர்வேலி வைத்தால் குருவிகள் வந்து புழுவைத் தின்னும் என்று வானொலியில் கேட்டு, சுற்றிலும் கல்யாணமுருங்கைக் கம்பு நட்டேன். (மருந்தடிக்கப் பயம். மகள் மண் தின்கிறவள்.)

தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் புதுசாகக் கல்யாணமான சரோஜா, மஞ்சள் பூசி மணப்பந்தலில் வைத்த கல்யாணமுருங்கைக் கம்பை என்னிடம் கேட்டுக்கொண்டு அந்த வேலியிலேயே நட்டாள். அது துளிர்த்தால்தான் குடும்பம் துளிர்க்குமாம். லயத்து வாசலில் நட இடமேது?

மறுவாரம் மகள் தத்தித் தத்திப் போய் வேலியைப் பிடித்தாள். உள்ளங்கையில் முள். அவள் அழவில்லை, நான் அழுதேன். அழுதுகொண்டே மொத்த வேலியையும் பிடுங்கிக் குவித்தேன்.

அந்த நேரம் பார்த்து சரோஜா மாமியாரோடு வந்தாள், கையில் மஞ்சள் தண்ணீர்ச் செம்பு.

"வாத்தியாரம்மா, எங்க கம்பு எங்கங்க?"

"இதுலதான்... ஏதோ ஒண்ணு."

சரோஜாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. லயமே திரண்டு வந்து, ஒவ்வொரு கம்பாக எடுத்து மஞ்சள் வாசம் பிடித்தது. மழை எல்லாவற்றையும் கழுவியிருந்தது.

"இது மாப்பிள்ளை மாதிரியே கோணலா இருக்கு. இதாத்தான் இருக்கும்" என்றாள் ஒருத்தி.

"போங்கக்கா!" சரோஜா அழுகையோடு சிரித்தாள்.

மாமியார் சிரிக்கவில்லை. அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால், சரோஜா காலமெல்லாம் ராசியில்லாதவள்.

"தப்பு என்னோடதுங்க. அவளை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றேன்.

அவர் என் மகளின் கையைத் திருப்பிப் பார்த்தார். "முள்ளு வெளிய வந்துருச்சா?"

"வந்துருச்சுங்க."

"அப்ப எல்லாத்தையும் திரும்ப நடுங்க. எல்லாத்துக்கும் தண்ணி ஊத்துவோம். எது துளுத்தாலும் எங்களதுதான்."

எல்லாமே துளிர்த்தன. சரோஜாவுக்கு இரட்டைப் பிள்ளைகள். அதிலிருந்து கல்யாணமான ஜோடியெல்லாம் கம்போடு எங்கள் வாசலில். நட்டதும், "வாத்தியாரம்மா, ஒருக்கா புடுங்கி நட்டுருங்க, ராசி" என்கிறார்கள்! என் கணவர் வருகிறவர்களிடமெல்லாம், "கல்யாணத்தைப் பிடுங்கிச் சேர்த்து வைப்பவள் என் மனைவி" என்று அறிமுகப்படுத்துகிறார்.

வேலி முழுக்கக் குருவிக்கூடு. ஆனால் வேலி நீண்டு, தண்ணீர் ஓடும் கானைத் தாண்டித் தேயிலைக்குள் போய்விட்டது. பாதியை வெட்டச் சொல்லித் தோட்டத்து மேலாளரான துரையின் உத்தரவு. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு புருஷன் பெண்டாட்டி இருக்கிறார்கள். தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

வாசகர்களே, சொல்லுங்கள்: யாருடைய கல்யாணத்திலிருந்து வெட்ட ஆரம்பிப்பது?