காத்தாயியின் இரண்டு உதைகள்

ஒரு காட்டில் காத்தாயி என்றொரு மிளா இருந்தாள். இருந்தாள் என்ன, செத்தே போய்விட்டாள். கதையே அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. மான் கூட்டத்திலேயே பெரிய உடம்புக்காரி. ஆனால் எறும்பு மிதிபடக் கூடாதென்று கீழே பார்த்துப் பார்த்துக் கால் வைப்பாள். மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுடைய குட்டி பிச்சியை ஒரு செந்நாய் அடித்துத் தின்றுவிட்டது. அன்றிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்பு: செத்தால் சொர்க்கம், சொர்க்கத்தில் பிச்சி. இந்தக் கோடையில் குட்டை வற்றித் தாகத்தில் விழுந்தபோதுகூட, பாவம், சந்தோஷமாகத்தான் கண்ணை மூடினாள்.

சொர்க்க வாசலில் பார்த்தால் நீள வரிசை. மேலே போனாலும் நம் தலையெழுத்து இதுதான் போலிருக்கிறது. கவுண்டரில் ஒரு எருமை அசைபோட்டபடி உட்கார்ந்திருந்தது. எமனுக்கு வாகனமாக ஓடி ஓடி முட்டி தேய்ந்து போனதால், ஆபீஸ் வேலைக்கு மாற்றிவிட்டார்களாம். காத்தாயியின் டோக்கன் வந்ததும் அவளுடைய ஃபாரத்தைப் புரட்டியது.

"பாவப் பட்டியல் காலியா இருக்கேம்மா?"

"நான் ஒண்ணும் பண்ணலைங்க சார்."

"ஒண்ணும் பண்ணலைன்னா உன்னை யார் மன்னிப்பா?"

"எதுக்குங்க மன்னிக்கணும்?"

எருமை கொம்பால் பின்னாலிருந்த பலகையைக் காட்டியது. 'மன்னிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே அனுமதி. மன்னிப்புச் சீட்டு குறைந்தது இரண்டு இணைக்கவும். குட்டிகளுக்கு விலக்கு உண்டு.' ஒன்று மட்டும் இருந்தால் தெரியாமல் நடந்தது என்று சொல்லிவிடுவார்களாம்; இரண்டு இருந்தால்தான் பாவி என்று ஒத்துக்கொள்வார்களாம். ஒவ்வொரு சீட்டிலும் அடிபட்டவர் மன்னித்ததாகக் காலடி பதிக்க வேண்டும். அடித்தவர் 'மனதார வருந்துகிறேன்' என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும்.

"பாவமே பண்ணாதவங்க எங்கே போறது சார்?"

"அப்படி யாரும் இதுவரைக்கும் வந்ததில்லை. அதனால அதுக்கு ஃபாரம் அடிக்கலை."

அந்த நேரம் பார்த்தா கம்பிக் கதவுக்கு உள்ளேயிருந்து "அம்மா" என்று குரல் வர வேண்டும்? பிச்சிதான், அதே மடங்கின காதோடு நின்றுகொண்டிருந்தாள். காத்தாயி ஓடிப்போய்க் கம்பிக்குள் மூக்கை நுழைத்துப் பார்த்தாள். எட்டவில்லை. அங்கேயே நின்று அழுதாள். எருமை அசைபோடுவதை நிறுத்தவில்லை. "ரெண்டு சீட்டு கொண்டாம்மா, விட்டுடறேன்" என்றது.

வரிசையில் அவளுக்கு அடுத்து நின்றவன் சங்கிலிமுத்து. பிச்சியைத் தின்றானே, அதே செந்நாய். காட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் வீசிய ஊசிப்போன பிரியாணியைத் தின்று செத்து வந்திருந்தான். கழுத்துப் பையில் கத்தையாக நாற்பத்துமூன்று சீட்டு. சொர்க்கத்துக்குள் போனவர்களுக்குக் கோபமே வராதாம். ஆபீஸ் பியூன் காக்கை எடுத்துப் போய்க் காகிதத்தை நீட்டினால் காலை வைத்துவிடுவார்களாம். பிச்சியின் குளம்படியும் அந்தக் கத்தையில் இருந்ததைக் காத்தாயி பார்த்தாள்.

"அக்கா, உங்களால என் டோக்கன் நிக்குது" என்றான். "ஒண்ணு செய்யுங்க. என்னை ரெண்டு உதை விடுங்க. நான் மன்னிச்சுக் காலடி வச்சுத் தந்துடறேன். வேலை முடிஞ்சுது."

"என்னைப் பாவம் பண்ணச் சொல்றியா?"

"எல்லாரும் பண்றதுதானேக்கா."

காத்தாயிக்கு மனசே வரவில்லை. பிச்சி கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒரு உதை விட்டாள். "வலிச்சுதா?" என்று எருமை கேட்டது. "சுருக்குன்னு இருந்துச்சு சார்" என்று சங்கிலிமுத்து காலடி வைத்தான். காத்தாயி நிஜமாகவே வருத்தப்பட்டு டிக் போட்டாள். ஒரு சீட்டு ஆயிற்று.

இரண்டாவது உதைக்குக் காலைத் தூக்கியவள் நிறுத்திக் கேட்டாள். "என் பிச்சிக்காக நீ டிக் போட்டியே, வருத்தப்பட்டுத்தான் போட்டியா?"

சொர்க்க வாசலில் நின்றுகொண்டு பொய் சொல்லக் கூடாதென்று சங்கிலிமுத்து நினைத்தான். கட்டத்தில் டிக் போடும்போது வராத நேர்மை அப்போது பார்த்து வந்தது. "அன்னைக்கு எனக்குப் பசியே இல்லைக்கா. பாதியைத் தின்னுட்டு மீதியை அப்படியே போட்டுட்டுப் போயிட்டேன். டிக் எல்லாத்துக்கும் மொத்தமா போட்டதுதான்."

அதற்கப்புறம் விழுந்ததுதான் உதை. சங்கிலிமுத்து வரிசைக்கு மேலாகப் பறந்து, பதினாறாவது டோக்கன்காரர் கரடியின் மடியில் போய் விழுந்தான். நாலு பல் காலி. எருமை அசைபோடுவதையே நிறுத்திவிட்டது. அவனோ எழுந்து நொண்டிக்கொண்டு வந்து, பல் போன வாயால் "மன்னிச்சுட்டேன், சீக்கிரம் அனுப்புங்க" என்று காலடி வைத்துவிட்டான்.

"இதுல உன் டிக் பாக்கிம்மா" என்றது எருமை. "மனதார வருந்துறியா?"

காத்தாயி தனக்குள் தேடித் தேடிப் பார்த்தாள். வருத்தம் துளிக்கூட இல்லை. மூன்று வருடமாக அடைத்துக்கொண்டிருந்த நெஞ்சு அப்போதுதான் லேசாகியிருந்தது. இன்னொன்று விடலாமா என்றுகூடக் கால் துறுதுறுத்தது. உண்மையைச் சொன்னால் கதவு திறக்காது. உள்ளே பிச்சி நிற்கிறாள்.

"ரொம்ப வருத்தமா இருக்குங்க சார்" என்று சொல்லி டிக் போட்டாள். அவள் சொன்ன முதல் பொய் அது.

"பாவம் பண்ணியாச்சு, பொய்யும் சொல்லியாச்சு. இப்பதான்மா நீ தேறினே" என்று எருமை முத்திரை குத்திக் கதவைத் திறந்தது. காத்தாயி உள்ளே ஓடிப் பிச்சியின் மடங்கின காதை நக்க ஆரம்பித்தாள். இன்னும் நிறுத்தவில்லை என்று கேள்வி.

நீதி: யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யாமல் வாழ்ந்து தொலைக்காதீர்கள்; பிறகு உங்களை மன்னிக்க ஆள் கிடைக்காது. அப்படியே வாழ்ந்துவிட்டால், சொர்க்க வாசலில் உதைக்க வேண்டிய ஆளாகப் பார்த்து அவனுக்கு முன்னால் வரிசையில் நில்லுங்கள்.