பதினைந்து நிமிட ஸ்பெகெட்டியும் மாரியம்மா அக்காவின் துளசியும்

குருண், கெடா
13.10.1983

என் பாசத்துக்குரிய ஜோசபின் சின்னம்மாவுக்கு,

உங்கள் அக்காள் மகள் ஜேன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், ஏழு கோழிகள் எல்லாரும் சுகம். இங்கிலாந்துக் குளிரில் நீங்களும் உங்கள் ஆஸ்பத்திரி நோயாளிகளும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய இத்தாலி ஸ்பெகெட்டி பாக்கெட் சரியான நேரத்தில் வந்தது. கிறிஸ்துமஸ் பூசையில் அம்மா தனியாக ஒரு பாட்டுப் பாட வேண்டும். பயிற்சி புதன்கிழமை ஆறரைக்கு. ஆனால் அம்மா பேக்டரியிலிருந்து ஆறு மணிக்குத்தான் வருகிறார், வந்தவுடன் சமையல், அதனால் இரண்டு புதன்கிழமை போகவில்லை. மூன்றாவது முறையும் வராவிட்டால் பாட்டைப் புஷ்பவள்ளிக்குக் கொடுத்துவிடுவேன் என்று பாட்டு மாஸ்டர் இஞ்ஞாசிமுத்து சொல்லிவிட்டார். அப்பாவோ, "ஏழு மணிக்கு நான் லோரிய விட்டு எறங்கும்போது மேசையில சாப்பாடு இருக்கணும். இருந்தா உங்கம்மா போய்ப் பாடட்டும் லா" என்றார். அப்போதுதான், வேலை முடிந்து வந்த களைப்பிலும் இதைப் பதினைந்து நிமிடத்தில் சமைக்கலாம் என்று நீங்கள் எழுதியதைப் படித்து, புதன்கிழமைச் சமையல் இனி என்னுடையது என்று வாக்குக் கொடுத்தேன்.

நேற்று அம்மாவை அனுப்பிவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். ஸ்பெகெட்டியை உடைக்கக் கூடாது என்று எழுதியிருந்தீர்கள், எங்கள் பானையோ சிறியது, பாதி வெளியே நின்று மண்ணெண்ணெய் அடுப்புத் தீயில் நுனி கருகியது. தக்காளியும் பூண்டும் வதங்கிக்கொண்டிருக்கும்போது உங்கள் குறிப்பில் 'பேசில்' என்று பார்த்தேன். பள்ளி அகராதியில் துளசி என்று போட்டிருந்தது. பக்கத்து வீட்டு மாரியம்மா அக்கா வாசலில்தான் துளசிச் செடி இருக்கிறதே என்று ஓடினேன்.

"எதுக்கு புள்ள?" என்றார்.

"அம்மா கோயில்ல பாடப் போயிருக்காங்க அக்கா, அதுக்காகத்தான்." இதில் பொய் எதுவும் இல்லை, சின்னம்மா.

அக்கா கை கழுவி, கும்பிட்டு, ஒவ்வோர் இலையாகப் பறித்துப் பித்தளைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். "உங்க சாமிக்கும் துளசி பிடிக்குமா?"

"இத்தாலியில ரொம்பப் பிடிக்குமாம்" என்றேன்.

சரியாக ஏழு மணிக்கு அப்பா முன்னால் தட்டை வைத்தேன். ஒரு வாய் மென்று பார்த்து, "இது வேகலயே" என்றார். பல்லில் கொஞ்சம் தட்டுப்பட வேண்டும், இத்தாலியில் அப்படித்தான் என்று விளக்கினேன். "ஏன், இத்தாலியில வெறகு கெடைக்காதா?" என்று கேட்டுக்கொண்டே அடுத்த வாயை எடுக்கும்போது, எங்கள் சாமிக்குத் துளசி எப்படிப் போட்டிருக்கிறோம் என்று பார்க்க மாரியம்மா அக்கா வந்து நின்றார். அப்பாவின் கரண்டியில் ஓர் இலை தொங்கிக்கொண்டிருந்தது.

"மோரிஸண்ணே, அது சாமிக்குக் குடுத்தது."

"வாங்க தங்கச்சி. அதான் பாத்தேன், இந்த மீ நூடுல்ஸ் சாப்பிட்டா பெருமாள் கோயில் தீர்த்தம் மாதிரி இருக்கே."

நான் அழத் தயாரானேன். ஆனால் அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கோழிகளே விழித்துக்கொண்டன. பித்தளைத் தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு அவரை வீடு வரை விட்டுத் திரும்பிவந்தால், அப்பாவின் தட்டு காலி, பானையும் காலி! எனக்கு ஓர் இழைகூட மிச்சமில்லை. ரொட்டியில் காயா ஜாம் தடவிச் சாப்பிட்டேன், இத்தாலி உணவின் ருசி எனக்கு இன்னும் தெரியாது, ஆனாலும் பெருமையாக இருந்தது. அம்மா எட்டு மணிக்குப் பாடிக்கொண்டே வந்தார். "ஒவ்வொரு புதனும் அவளே சமைக்கட்டும். நீ போ" என்று அப்பா சொன்னார். பாட்டு அம்மாவுக்கே.

ஆகவே, உங்கள் சமையல் குறிப்பு எங்கள் வீட்டில் முழு வெற்றி. மாதா உங்களுக்குத் துணையிருக்கட்டும். அம்மா, அப்பா, மாரியம்மா அக்கா மூவரும் உங்களை விசாரிக்கிறார்கள்.

இப்படிக்கு,
அன்பு மகள் ஜேன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் கோழிகளைத் திறந்துவிடப் போனேன். ஏழும் நேராக வாழை மரத்தடிக்கு ஓடி, ஆளுக்கொரு முனையைப் பிடித்து எதையோ இழுத்தன. மண்புழு என்று நினைத்தேன். நுனி கருகியிருந்தது. பின்னால் அப்பா நின்றார். "அம்மாகிட்ட சொல்லாத லா. நேத்து அவ பாடிக்கிட்டே வந்தா, கேட்டியா?" என்றார். கிறிஸ்துமஸுக்கு இன்னும் பத்துப் புதன்கிழமை இருக்கிறது. தயவுசெய்து பத்துப் பாக்கெட் அனுப்புங்கள். துளசி வேண்டாம், கோழிகள் அதை மட்டும் ஒதுக்கிவிட்டன.