குண்டுமல்லிக்கு ஒரு கையெழுத்து

அரியலூரில் எத்தனையோ டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு தடவை, தொட்ட பிறகு ஒரு தடவை என்று சோப்புப் போட்டுக் கை கழுவியவர் எங்கள் கம்பவுண்டர் ஒருவர்தான். அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொண்டவர்கள் யாரும் அவரைப் பற்றிக் குறை சொன்னதே இல்லை. சொல்லவும் முடியாது. எல்லாம் செடிகொடிகள்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கத்தான் வேண்டும். அவர் வீட்டு மாடியில் ஐந்து வருஷம் குடியிருந்த எனக்கே அது தெரியாது. கரண்ட் பில்கூட அவர் மாமனார் பெயரில்தான் வரும். டவுனில் ஒரு டாக்டரிடம் முப்பது வருஷம் கம்பவுண்டராக இருந்தவர். டாக்டர் வயதாகி கிளினிக்கை மூடியபோது, கூட வேலை பார்த்தவர்கள் நாற்காலி, ஃபேன் என்று ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். இவர் ஒரு வெள்ளைக் கோட்டு, ஒரு எவர்சில்வர் ட்ரே, இரண்டு கத்தரி, எழுதாத மருந்துச்சீட்டு ஒரு கட்டு ஆகியவற்றை வாங்கிக்கொண்டு வந்து, கொல்லையில் தொழிலைத் தொடர்ந்தார்.

காலை ஆறு மணிக்கு ரவுண்ட்ஸ். எங்கள் தெருமுனை வழியாகத்தான் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும். ஒரு நாள் துடைக்காமல் விட்டால் செம்பருத்தி நரைத்துவிடும். கம்பவுண்டர் வாளியும் பழைய வேட்டித் துணியுமாக ஒவ்வோர் இலையாகத் துடைப்பார்.

"படுத்த படுக்கையா கெடக்கறவங்களுக்கு இப்படித்தாம்மா துடைச்சு வுடணும். இல்லன்னா தோலு மூச்சு விடாது."

துடைத்து முடிப்பதற்கும் அடுத்த லாரி வருவதற்கும் சரியாக இருக்கும். மனுஷர் முகம் சுளிக்காமல் முதல் இலையிலிருந்து மறுபடி ஆரம்பிப்பார். மாடியிலிருந்து பார்க்கும் எனக்கு முதுகு வலிக்கும்.

மாவுப்பூச்சி பிடித்த செடிகளுக்குக் கிணற்றடியில் தனி வார்டு. குடிவந்த புதிதில் அது தெரியாமல் அங்கே என் துண்டைக் காயப்போட்டுவிட்டேன். "ஐயய்யோ, தொத்து வியாதி வார்டும்மா அது!" என்று ஓடிவந்து, துண்டை வெந்நீரில் போட்டு அலசச் சொன்னார். மறுபேச்சுப் பேசாமல் அலசினேன். கையில் கத்தரி வைத்திருப்பவரிடம் என்ன வாதம் செய்வது?

பொங்கல் கழிந்ததும் ஆபரேஷன் சீசன். மல்லிச்செடியைத் தையில் முழங்கால் உயரத்துக்கு வெட்டி, இலையை உருவி, அடியில் கிடக்கும் சருகையெல்லாம் கூட்டி, மண்ணைக் கொத்தி எரு வைத்தால் மாசியில் மொட்டுக் கட்டும். எல்லா ஊரிலும் செய்வதுதான். எங்கள் தெருவில் மட்டும் அதற்குச் செடிக்காரர் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். எதிர்வீட்டு ரைஸ்மில் அண்ணனுக்கு இது புரியவே இல்லை.

"எதுக்குங்க கையெழுத்து? கெளைய வெட்டப் போறீங்க, அவ்வளவுதானே?"

"ஆபரேஷன்னா ஆயிரம் இருக்கும். நாளைக்கி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஆனா ஆவட்டும்ங்க. வேற செடி வச்சிட்டாப் போச்சு."

கம்பவுண்டர் கத்தரியை ட்ரேயில் வைத்துவிட்டார். "நோயாளிக்கு எதுர்லயே இப்படிப் பேசறவங்கள நான் வார்டுக்குள்ள வுடறதில்ல. வெளில நில்லுங்க."

தன் தோட்டத்திலிருந்தே துரத்தப்பட்ட அண்ணன், கேட்டுக்கு வெளியே நின்று மருந்துச்சீட்டில் கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்து நான்.

சும்மா சொல்லக்கூடாது, ராசியான கை. மாசி பாதியில் தெருவே மணக்கும். ரைஸ்மில் அண்ணி கட்டி மாளாமல் தூக்குவாளியில் பூவைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் கொட்டிவிட்டுப் போவார். ஆனால் கம்பவுண்டரின் கொல்லைக் கோடியில் ஒரு குண்டுமல்லி இருந்தது. ஆள் உயரத்துக்குப் புதராக மண்டி, அதில் எண்ணி நாலு பூ.

அது அவர் மனைவி சரோஜா அக்காவின் செடி. மகளுக்குப் பிரசவம் என்று மூன்று மாதத்துக்காகச் சென்னைக்குப் போனார் அக்கா. மகள் வேலைக்குப் போகிறவள். குழந்தை தவழட்டும் வரேன், நடக்கட்டும் வரேன், ஸ்கூல்ல சேரட்டும் வரேன் என்று மூன்று வருஷம் ஆகிவிட்டது. கிளம்பும்போது கேட்டருகில் நின்று அவர் சொன்னதை நானே கேட்டேன்.

"ஊர்ச் செடிய எல்லாம் வெட்டுங்க. என் மல்லியில கைய வச்சிடாதீங்க. நான் வந்து வெட்டிக்கறேன்."

கம்பவுண்டர் கை வைக்கவில்லை. ஒரு மாசியில் நான் கேட்டே விட்டேன்.

"ஊருக்கெல்லாம் வெட்டறீங்க. இது பாவம் இல்லையா சார்?"

"சொந்தக்காரங்களுக்கு டாக்டரே கத்தி வைக்க மாட்டாங்கம்மா. கை நடுங்கும்."

"அப்ப நான் வெட்டறேன்."

"கையெழுத்து யாரு போடுவா? செடிக்காரி மெட்ராஸ்ல இருக்காளே."

தினமும் சாயங்காலம் அந்தப் புதருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டுதான் அக்காவுடன் போனில் பேசுவார். சாப்பாடு, மாத்திரை, பேரனின் சளி எல்லாம் பேசுவார். "எப்போ வர்ற?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கடைசியில், "மல்லி அப்படியேதான் கெடக்கு. நீ வந்தாத்தான்" என்று சொல்லிவிட்டு வைப்பார்.

இதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. செடிக்குத்தான் பிரச்சினை என்று நினைத்த மடச்சி நான். அடுத்த மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருக்குத் தெரியாமல் அக்காவுக்கே போன் போட்டேன்.

"அட, இன்னும் அத வெட்டலியா அந்த மனுசன்? எனக்கு இந்த வருசமும் தோதுப்படாது போலருக்கும்மா. வெட்டச் சொல்லு. நான் கையெழுத்துப் போட்டதா வச்சிக்கச் சொல்லு."

மாடிப்படியில் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினேன். "சார்! கையெழுத்து கெடச்சாச்சு!"

கம்பவுண்டர் குரோட்டன்ஸ் இலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அவளே சொன்னாளா, வெட்டச் சொல்லி?" என்றார்.

"ஆமா சார்."

"அப்ப வரல."

துணியைப் பிழிந்தார். கை கழுவினார். உள்ளே போய்விட்டார். மூன்று நாளைக்கு எந்த இலையையும் யாரும் துடைக்கவில்லை. தோட்டம் முழுக்கப் புழுதி. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. செடியை வெட்டாமல் வைத்திருந்தவரைக்கும் அவர் மனைவி வரப்போகிறவர்தான். நான் போய் அதைக் கெடுத்துவிட்டேன்.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் காலையில் கீழேயிருந்து குரல். "வாம்மா, நர்ஸ் இல்லாம முடியாது." வெள்ளைக் கோட்டு இஸ்திரி போட்டுத் தயாராக இருந்தது. ட்ரேயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கம்பவுண்டர் கத்தரியை எடுத்து வெட்ட ஆரம்பித்தார். முழங்கால் உயரத்தோடு நிறுத்துவார் என்று பார்த்தால், நிறுத்தவில்லை.

"சார், போதும் சார்!"

காதிலேயே வாங்கவில்லை. தரையிலிருந்து ஒரு சாண் விட்டு மொத்தமாக ஒட்ட நறுக்கிவிட்டார். பாக்கி நின்றது பத்துப் பன்னிரண்டு மொட்டைக் குச்சி. பார்த்தால் யாரும் உயிர் இருப்பதாகச் சொல்ல மாட்டார்கள்.

"போட்டோ எடும்மா. அவளுக்கு அனுப்பு. கையெழுத்துப் போட்டவங்களுக்கு ரிப்போர்ட்டு குடுக்கணுமில்ல."

அனுப்பினேன். பார்த்ததற்கு அடையாளமாக டிக் நீலமாகியது. பதில் இல்லை. மறுநாள் மத்தியானம் ஸ்டேஷனிலிருந்து ஒரு ஆட்டோ வந்தது. அது நிற்பதற்கு முன்பே உள்ளேயிருந்து சத்தம் வந்துவிட்டது.

"கொன்னுட்டீங்களா? கல்யாணம் ஆன வருசம் வச்ச செடிங்க அது! வெட்டச் சொன்னா வேரோட சேத்தா வெட்டுவாங்க? ஊருக்குத்தான் நீங்க வைத்தியரு!"

கம்பவுண்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டார். பிறகு நிதானமாக, "நாப்பது நாள் போனாத்தான் எதையும் சொல்ல முடியும். அதுவரைக்கும் சொந்தக்காரங்க யாராச்சும் கூடவே இருக்கணும்" என்றார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்ததும்தான் அந்த ஒரு சாண் கணக்கு எனக்கு விளங்கியது. அட கள்ளா!

அக்கா இருந்தார். நாற்பது நாளைக்கு மாப்பிள்ளையின் அம்மா போய்ப் பேரனைப் பார்த்துக்கொண்டாராம். செடிக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து, துளிர்த்த இலைகளைத் துடைப்பார்கள். மாசிக் கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் கொல்லை முழுக்க வாசனை. அக்கா மடி நிறையப் பறித்துக் கட்டி, எனக்கு ஒரு முழம் கிள்ளிக் கொடுத்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு, டிஸ்சார்ஜ் எப்போ?" என்று கேட்டார்.

"ரெண்டு நாள் அப்சர்வேஷன்ல இருக்கட்டும்."

அந்த இரண்டு நாள் பங்குனி பாதி வரைக்கும் நீண்டது. அப்புறம் மகள் போன்மேல் போன் போட்டாள். அக்கா கிளம்பியபோது கம்பவுண்டரும் ஒரு பையோடு கிளம்பினார். "ஒரு வாரம். கொண்டு போயி வுட்டுட்டு வந்துடறேன்." சாவியையும், அந்த மல்லியில் பதியம் போட்ட ஒரு கன்றையும் என்னிடம் கொடுத்தார். கன்று ஒரு பழைய பெயின்ட் வாளியில் இருந்தது. வாளியில் மருந்துச்சீட்டு ஒட்டி, 'தினமும் துடைக்கவும்' என்று எழுதியிருந்தார்.

அந்த ஒரு வாரம் இப்போது இரண்டு வருஷம். எனக்குப் பெரம்பலூருக்கு மாற்றலாகி, சாவி ரைஸ்மில் அண்ணனிடம் போய்விட்டது. கன்று என்னோடு வந்தது. மொட்டைமாடியில் என் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்து மண்டிக் கிடக்கிறது. போன தையில் அவருக்கு போன் போட்டேன்.

"நீயே வெட்டும்மா. பாத்திருக்கியே, தெரியாதா? நான் எங்க வரது, பேரன வுட்டுட்டு?"

"கையெழுத்து?"

"போட்டதா வச்சிக்கயேன்."

"அதெல்லாம் செல்லாது சார். நேர்ல வந்துதான் போடணும்."

அந்தப் பக்கம் சிரித்தார்.

இப்போது மாசி. கத்தரி வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன், உறையைப் பிரிக்கவில்லை. தினமும் காலையில் இலையைத் துடைக்கிறேன். வாளியில் எண்ணி நாலு பூ பூத்திருக்கிறது. கம்பவுண்டர் சார் வரும்வரை எனக்கு அந்த நாலு போதும்.